கணுக்காலுக்கு ஏலம்

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கால் எதற்கு இருக்கிறது என்பதே மறந்துவிட்டது. பக்கத்துத் தெருவில் தீப்பெட்டி வாங்க சைக்கிள். மலைக்கு ஜீப்பு. அந்த ஜீப்பிலும் முன்சீட்டுக்கு அடிதடி. இப்படிப்பட்டவர்கள்தான், நடக்கத் தெரிந்த மனிதனைப் பார்த்து, உன் காலில் கோளாறு என்கிறார்கள். ராக்கையாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

குரங்கணிக்கு மேலே இருக்கிற தன் ஏலத்தோட்டத்துக்கு நாற்பது வருஷம் கழுதைப் பாதையில் நடந்தே ஏறியவர் அவர். இப்போது இரண்டு வருஷமாக, இருநூறு தப்படி வைத்தால் வலது கெண்டைக்கால் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி முறுக்கும். நின்றால் விட்டுவிடும். நிற்பதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்து வைத்திருந்தார். போடிக் கடைத்தெருவில் ஏலக்காய்க் கடையாகப் பார்த்து நிற்பார். ஒரு காயை எடுத்துக் கிள்ளி, மோந்து, "ஈரம் இருக்கு" என்பார். அடுத்த கடையில், "புகைவாடை அடிக்குது." அதற்குள் கால் சரியாகிவிடும். பெரிய தரகர் போலிருக்கிறது என்று வெளியூர் வியாபாரிகள் கும்பிடு போட்டார்கள்.

மகள் வேலுத்தாய் மட்டும் ஏமாறவில்லை. "டாக்டரு சரின்னு சொன்னாத்தான் இந்த வருசம் காயெடுக்க நீங்க மலைக்கு. இல்லேன்னா உங்க மருமகன் போவாரு" என்று சொல்லிவிட்டாள். மருமகனுக்குப் பிஞ்சும் முத்தின காயும் ஒன்றுதான். தோட்டம் என்னத்துக்கு ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு மகளோடு டாக்டரிடம் வந்தார்.

டாக்டர் ராஜாராம் சின்ன வயசுக்காரர். மதுரையிலிருந்து புதிதாக ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார். கணுக்காலுக்கு மேலே பட்டையைச் சுற்றி, பாதத்தில் பேனா மாதிரி ஒன்றை வைத்ததும் பெட்டி "உஸ்ஸு, உஸ்ஸு" என்றது.

"உள்ள என்ன, நாகப்பாம்பா?"

"உங்க ரத்தம் ஓடுற சத்தம் ஐயா."

"என் ரத்தம் அறுவத்தஞ்சு வருசமாச் சத்தம் போடாமத்தான் ஓடுச்சு."

பட்டையில் காற்றடித்தால் சத்தம் நிற்கும். காற்றை இறக்கும்போது எந்த எண்ணில் திரும்ப வருகிறதோ, அதுதான் காலின் அழுத்தம். நூற்றுப்பத்து வந்தது.

"படுத்துக் கிடக்கையில கால் பொய் சொல்லும்" என்றார் டாக்டர். "நடந்தாத்தான் நெசம் வெளிய வரும். தாழ்வாரத்தில அஞ்சு நிமிசம் நிக்காம நடங்க."

தாழ்வாரத்தில் இருமலுக்கு மருந்து வாங்க வந்த ஏலக்காய்த் தரகர் மஸ்தான், மடியில் மாதிரிக் காய்ப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆறாவது நடையில் கெண்டைக்கால் பிடித்தது. ராக்கையா பொட்டலத்துக்குள் கையை விட்டார்.

"யாரு தோட்டத்துக் காயி மஸ்தானு? ஈரம் போகலையே."

"அண்ணே, அல்லா சத்தியமா நல்லாக் காஞ்ச காயி! கிள்ளிப் பாருங்க."

கிள்ளிப் பார்த்தார். நிதானமாகக் கிள்ளிப் பார்த்தார். இப்படி நாலு தடவை. நாலாவது தடவை மஸ்தானுக்கே சந்தேகம் வந்து காயை மோந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அளந்தால் நூற்றைந்து. "பாத்தியா தாயி!" என்று ராக்கையா நெஞ்சை நிமிர்த்தினார்.

"டாக்டரே, அவரு எங்க நடந்தாரு? யாவாரமில்ல பண்ணுனாரு!" என்றாள் வேலுத்தாய்.

டாக்டர் மஸ்தானின் பொட்டலத்தை வாங்கி மேசைக்குள் வைத்துப் பூட்டினார். கிழவரைக் கால்மணி நேரம் படுக்க வைத்துவிட்டு, மறுபடி நடக்க விட்டார். இந்தத் தடவை நிற்க ஒரு சாக்கும் இல்லை. கடைசி நடைகளை ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டுதான் முடித்தார். அளந்தால் ஐம்பது!

"ஒரே காலு. அப்ப நூத்திப்பத்து, இப்ப அம்பதா? இப்படி ஒரு தராசு கடைத்தெருவில இருந்தா ஓடையில வீசியிருப்பாக."

"தராசு சரிதான் ஐயா. ரத்தம் போற வாய்க்கால்லதான் அடைப்பு. சும்மா கிடந்தா வர்ற தண்ணி போதும். வயலு கூடக் கேட்டா பத்தாது."

"அடைச்சவன் எவன்?"

"பீடி."

ராக்கையாவின் கை தானாகச் சட்டைப்பையை மூடியது.

"பத்து நிமிசத்தில இது நூறுக்குத் திரும்பி வந்தா மலைக்குப் போகலாம். வரலேன்னா மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான்" என்றார் டாக்டர்.

நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்தார். "அம்பத்தஞ்சு." பிறகு, "அறுபது."

வாசலில் எட்டிப் பார்த்த மஸ்தானுக்கு வாய் சும்மா இருக்குமா? தொழில் புத்தி. "அறுபது! அறுபதுக்கு மேல கேளு!"

"எழுவது போடுறா!" என்று கத்தினாள் முனியாயி, பல்வலிக்கு வந்தவள், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. அவ்வளவுதான், மருந்துச் சீட்டோடு நின்றவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். எழுபத்திரண்டு. எழுபத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் கைதட்டல். எட்டாவது நிமிஷம் எண்பத்தைந்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எம்பத்தஞ்சு ஒரு தரம்... எம்பத்தஞ்சு ரெண்டு தரம்..."

"டேய் மஸ்தானு! மூணாந்தரம் சொன்னே, தொண்டையைக் கடிச்சுப்புடுவேன்!" என்று கத்தினார் ராக்கையா.

டாக்டருக்குச் சிரிப்பில் பம்பு கைநழுவிக் கட்டிலுக்கடியில் ஓடியது. நாலுபேர் குனிந்து, நாலு தலை முட்டி, எடுத்துக் கொடுத்தார்கள். ஒன்பதாவது நிமிஷம் தொண்ணூற்றாறு. பத்தாவது நிமிஷம் டாக்டர் காதைச் சாய்த்தார். முனியாயி வலியை மறந்து வாயைத் திறந்து நின்றாள்.

"நூத்திரெண்டு."

"நூத்திரெண்டு, மூணு தரம்! காலு மலைக்கே!" என்று மஸ்தான் கட்டில் சட்டத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வேலுத்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். பீடி கூடாது. தினமும் வலிக்கிற வரை நடக்க வேண்டும். வலித்தால் நிற்க வேண்டும். விட்டதும் மறுபடி நடக்க வேண்டும். மலைக்கும் அப்படியே.

"காலு வலிக்கு நடக்கச் சொல்ற வைத்தியத்த இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார் ராக்கையா. "இதத்தான நான் ரெண்டு வருசமாக் கடைத்தெருவில செய்யிறேன்? இதுக்கு ஒரு பெட்டி வேறயா?"

பீடிக்கட்டை மகள் பிடுங்கிக்கொண்டாள். அவர் திரும்பிப் பாராமல் நடந்தார். மூன்றாவது கடையில் கெண்டைக்கால் பிடித்தது. நின்றார். ஒரு காயை எடுத்துக் கிள்ளினார்.

"தராசுதான் சரியில்ல" என்றார்.

கடைக்காரர் பதறிப்போய்த் தன் தராசைத் தூக்கிப் பார்த்தார். அதற்குள் கால் விட்டிருந்தது. ராக்கையா அடுத்த கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்.