விளக்கு வைத்த பிறகு

டப்பாவை மூடும்போதுதான் சாதனா பார்த்தாள். நீள ஊசியைக் காணவில்லை. பழைய பவுடர் டப்பா அது. உள்ளே ஒரு கம்பளித் துண்டில் ஊசிகளைக் குத்தி வைத்திருப்பாள். நீள ஊசி இருந்த இடத்தில் இரண்டு பொத்தல்கள்தான் இருந்தன. பாவாடையை உதறினாள். தரையை உள்ளங்கையால் தடவினாள். தடவிக்கொண்டிருக்கும்போதே அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

வங்காளத்துக் கிடர்பூரில் அந்தத் துறைமுகக் குவார்ட்டர்ஸின் மாடிப்படித் திருப்பத்தில், மதியச் சமையல் முடிந்ததும் பெண்கள் பாய் விரித்துத் தைக்க உட்காருவார்கள். யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் காந்தா தைத்துக் கொடுப்பது வழக்கம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப்போன புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத்தையல் போட்டால் ஒரு போர்வை. புதுத்துணி கூடாது, பிஞ்சு உடம்பை உறுத்தும். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஆள் முகம் பார்க்காமல் கிடந்த சாதனாவை, எதிர்வீட்டு ஷம்பா காகிமாதான் ஒருநாள் இழுத்து வந்து உட்கார வைத்தாள். "எங்க பாஷை பேச வராட்டி என்ன, தைக்கறதுக்கு வாய் எதுக்கு?" கீழ்வீட்டு மிட்டுவின் குழந்தைக்குத் தைத்த காந்தாவில் ஓர் அடுக்கு சாதனாவின் அம்மாவுடைய சுங்குடிப் புடவை.

இன்று சாயங்காலம் அதன் கடைசி ஓரத்தை மூடிக்கொண்டிருந்தார்கள். மேலே அம்மா விளக்கேற்றி மணியடிக்கும் சத்தம் கேட்டது. அந்த நேரம் பார்த்து காகிமா கையை நீட்டினாள். "உன் ஊசியைக் குடு மா." விளக்கு வைத்த பிறகு ஊசியைக் கையில் கொடுக்கக்கூடாது. அம்மா சொல்லிச் சொல்லி ஊறிப்போனது. அதை வங்காளத்தில் எப்படிச் சொல்வது? ஊசியைத் தைக்காத ஓரத்தில், அடுக்குகளுக்கு நடுவே செருகி, எடுத்துக்கொள்ளட்டும் என்று துணியை அவள் பக்கம் தள்ளினாள். காகிமா பார்க்கவில்லை. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த ரெஹானா பாபி அதற்குள் தன் ஊசியை நீட்டியிருந்தாள். செருகிய ஊசி உள்ளே நழுவியிருக்க வேண்டும். அதன் மேலேயே ஓரத்தை மூடித் தைத்து, மடித்து, மிட்டுவிடம் கொடுத்தாயிற்று.

"அம்மா, காகிமா கேட்டப்ப கையில குடுக்காம துணியில செருகினேன். என் ஊசி அந்தக் காந்தாக்குள்ள இருக்கு."

அம்மா தோசைக்கரண்டியோடு திரும்பினாள். "கையில குடுத்துத் தொலைச்சிருக்கலாம்லடி?"

"விளக்கு வச்சாச்சு. நீதான சொல்லுவ."

அம்மா அடுப்பைச் சின்னதாக்கினாள். "அப்பா வரட்டும். அவருக்குத்தான் பெங்காலி வரும். புள்ளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவங்க நம்மளத்தான்..."

கீழே குழந்தை வீறிட்டது.

சாதனா செருப்பில்லாமல் இறங்கினாள். பசிக்கு அழுவது எப்படி இருக்கும், குத்தி அழுவது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு படியிலும் ஊசி வேறு வேறு இடத்தில் இறங்கியது. தொடையில். கண்ணில். கதவைத் தட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. அழுகை இன்னும் ஏறவும் தட்டினாள்.

மிட்டுவின் மாமியார் திறந்தாள். உள்ளே மிட்டுவின் மடியில் குழந்தை, கழுத்துவரை காந்தா சுற்றி. தெரிந்த வங்காளமெல்லாம் எங்கோ ஓடிப்போய் ஊசியின் பெயர் மட்டும் நாக்கில் நின்றது. "சூச்... காந்தா... சூச்."

"ஊசி வேணுமா? இந்த நேரத்துலயா?" என்றாள் மாமியார்.

யாரையும் தொட்டுப் பேசியிராத சாதனா பாய்ந்துபோய்க் காந்தாவை உருவினாள். மிட்டு அலறினாள். அந்தச் சத்தத்தில் காகிமாவும் பாபியும் ஓடிவந்தார்கள். சாதனா காந்தாவின் ஓரத்தைப் பிடித்துக் காட்டி மறுபடி "சூச்" என்றாள். காகிமாவின் முகம் மாறியது. குழந்தையை விளக்கடியில் கிடத்திப் புரட்டிப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. இடுப்பில் ஒரு சிவப்புப் புள்ளி. கொசுவா, வேறேதாவதா, தெரியவில்லை.

"யார் செஞ்ச வேலை?" மாமியார் சாதனாவின் பக்கம் திரும்பினாள். "இந்த மத்ராஜிப் பொண்ணா?"

"நான்தான்," என்றாள் காகிமா. "செருகிட்டு மறந்துட்டேன். திட்டறதுன்னா என்னைத் திட்டு தீதி. அவ ஓடி வந்து சொன்னதால தப்பிச்சோம்."

சாதனா வாயெடுத்தாள். காகிமாவின் கால் அவள் பாதத்தை அழுத்தியது.

பாபி தன் துப்பட்டாவில் குழந்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சிவப்புச் சிமெண்டுத் தரையில் காந்தாவை விரித்து ஓரத்தைப் பிரித்தார்கள். இத்தனை நாள் தையல் பல்லிலும் பிளேடிலும் அறுந்தது. யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. முனை உடைந்திருந்தால்? உடைந்த துண்டு எங்கே இருக்கும்? சாதனாவின் கண் பாபியின் தோளை விட்டு நகரவில்லை. குழந்தை விட்டு விட்டு விசும்பியது.

சுங்குடிக்கு அடியில் காகிமாவின் விரல் நின்றது. மெல்ல இழுத்தாள். விளக்கில் தூக்கிப் பிடித்து முனையை நகத்தில் தொட்டுப் பார்த்தாள். "முழுசா இருக்கு."

பிறகு, "இந்தா, நீயே ஓரத்தை மூடு," என்று சாதனாவிடம் நீட்டினாள்.

சாதனாவின் கை எழுந்தது. பாதியில் நின்றது.

காகிமா அந்தக் கையைப் பார்த்தாள். கரண்டியைக்கூட வைக்காமல் இறங்கி வந்து வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஓ," என்றாள் காகிமா, வாய்க்குள்.

ஊசியைத் தரையில் சாதனாவுக்கு முன்னால் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் ஒன்றும் கேட்காமல் அவரவர் பாதங்களை உள்ளிழுத்துக்கொண்டார்கள். நடுவில் ஊசி மட்டும் மின்னிக்கொண்டு கிடந்தது.