புத்தகத்தில் இல்லாத குருவி

டார்ஜிலிங் பக்கத்துத் தேயிலைப் பெட்டிகளோடு கல்கத்தா கிடர்பூர் ஷெட்டுக்கு வந்த லாரியில், தார்ப்பாய் மடிப்புக்குள் அரை உயிராய்க் கிடந்தது அந்தக் குருவி. பெட்டி இறக்கும் உத்தமன் அதைத் துண்டில் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். சத்து மாவைக் குழைத்து ஊட்டினான். பிழைத்துக்கொண்டு பாடவும் ஆரம்பித்தது. தோள் காய்த்துப்போன மனுஷன், அதைக் கேட்கவே சாராயக்கடைப் பக்கம் திரும்பாமல் வீட்டுக்கு ஓடிவந்தான்.

கெடுத்தது அவன் பொண்டாட்டி வாய்தான். நாகரத்தினம், லேக் மார்க்கெட்டில் பேங்க் ஆபீசர் ராகவேந்திரன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். பறவைப் பைத்தியம் பிடித்த அவரிடம் பெருமையடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

கூண்டு முன்னால் குந்தியவர் கண் கொட்டவில்லை.

"கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, துரு நிறத் தொண்டை. இது மத்த மலைக்குருவிக்கும் உண்டு. ஆனா வால்லே ரெண்டு ஓரத்து இறகும் மஞ்சள், நுனியிலே கறுப்புப் பட்டை! எந்தப் புஸ்தகத்திலேயும் இல்லை. பாட்டும் வேற. இது புது ஜாதி!"

"குருவிக்காவது ஜாதி இல்லைன்னு இருந்தேன் சாமி."

"கிண்டலா? கூண்டோட கொடு."

"உங்க வீட்டுல பாடுமா?"

"பாடறதாவது! புதுசுன்னு நிரூபிக்க உடம்பு வேணும். கொன்னு, பஞ்சு அடைச்சு, கால்லே சீட்டுக் கட்டி மியூசியத்திலே வைப்பா. பேரு என் பேரு. வாலைப் பார்த்தப்புறம் எவன் வாயைத் திறப்பான்?"

உத்தமன் கூண்டை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான். "தர முடியாது."

"நீ யாருடா சொல்ல? கம்பெனி லாரியிலே எடுத்த மால். ஷெட்டைப் பார்த்துக்கற பாபுவுக்கு ஒரு போன் போட்டா நீ திருடன்."

"கல்கத்தாவுல போன் வேலை செஞ்சா போடுங்க."

அவர் முகம் சிவந்தது. "சாயங்காலம் டாக்சியோட வரேன். நாகரத்தினம், உனக்கும் சேர்த்துத்தான்."

அவர் தலை மறைந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள். "யோவ், ஒரு கைப்பிடிக் குருவிக்கு ரெண்டு பேர் சோத்துலயும் மண்ணு போடறியே! திறந்து விட்டுத் தொலை."

"விட்டா காக்கா கிழிக்கும். கொடுத்தா அந்தாளு கிழிப்பான்."

வெகுநேரம் கூண்டையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு கையை உள்ளே விட்டான். குருவி விரலில் ரத்தம் வரக் கொத்தியது. விடாமல் அமுக்கிப் பிடித்து, மஞ்சள் இறகுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். அது கத்திய கத்தலில் நாகரத்தினம் காதைப் பொத்திக்கொண்டாள். இறகுகளை அடுப்பில் போட்டான். மயிர் பொசுங்கும் நாற்றம் அறை முழுக்க நின்றது.

சாயங்காலம் ராகவேந்திரன் குனிந்து பார்த்தார்.

"வால் எங்கேடா?"

"அடுப்புல."

"மடையா! மொட்டைக் குருவியைத் தூக்கிண்டு போனா என்னைப் பார்த்துன்னா சிரிப்பா!"

"அப்ப இது பழைய ஜாதிதான். வீட்டுக்குப் போங்க."

"முளைக்கும்டா. முளைச்சதும் வருவேன்."

"வாங்க. திரும்பவும் பிடுங்குவேன்."

போன் வேலை செய்துதான் இருக்கிறது. திங்கட்கிழமை ஷெட் பாபு அவனைக் கேட்டிலேயே நிறுத்தி, "சோர்!" என்று திருடன் பட்டம் கட்டி விரட்டினான். திரும்பி வந்தால் வாசற்படியில் நாகரத்தினம். அவளையும் வரவேண்டாம் என்றுவிட்டார்களாம்.

"பாடுச்சா?" என்றான்.

"எதைப் பார்த்துப் பாடும்? உன் மூஞ்சியையா?"

அவன் கூண்டருகே போனான். குருவி மூலைக்குப் பாய்ந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, கொத்தத் தயாராக அலகைத் திறந்து வைத்தது.