விரதத்தில் வந்த விசாரணை

முனியம்மா மட்டும் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இவ்வளவு வம்பே இல்லை. கேட்டுக்கு வெளியே ஆணும் பெண்ணுமாக இரண்டு மலாய்க்காரர்கள் நின்று, காந்தன் வீடு இதுதானா என்று விசாரித்தார்கள். ஆமாம், என் மகன்தான் என்றாள். அதோடு விட்டாளா? தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கப் போகிறான், ஒரு மாதமாய்ப் பெண்டாட்டி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, படுக்கையெல்லாம் கோயிலில்தான், துணிமணியைக்கூட அங்கேயே கொண்டுபோய் வைத்துவிட்டான் என்று பெருமையாக அளந்துவிட்டாள். ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய காலத்திலிருந்தே மலாய் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அடுப்படியிலிருந்து மருமகள் கமலவேணி எட்டிப் பார்த்தாள். அந்தப் பெண்ணின் கழுத்தில் தொங்கிய அட்டை அவள் கண்ணில் பட்டது. இமிகிரேஷன்.

அறந்தாங்கியிலிருந்து காந்தனைக் கட்டிக்கொண்டு மலாய் நாட்டில் இருக்கும் இந்தக் குருபோங்குக்கு வந்த நாளிலிருந்து அவள் விசாவில்தான் இருக்கிறாள். புருஷன் கூட வந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒவ்வொரு முறையும் அது நீளும். இப்போது நிரந்தரவாசத்துக்கு, இந்த ஊரில் சிவப்பு ஐசி என்று சொல்கிற அடையாள அட்டைக்கு, எழுதிப் போட்டிருந்தார்கள். நிஜமாகவே குடும்பம் நடத்துகிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்கள் என்று கேள்விப்பட்டதுதான். பிள்ளை வேறு இல்லை. பொய்க் கல்யாணம் என்று எழுதிவிட்டால் சிவப்பு ஐசி மட்டுமா போகும், கையில் இருக்கிற விசாவுக்கும் சேர்த்து வேட்டு வைத்துவிடுவார்கள்.

படுக்கையறையைப் பார்க்கவேண்டும் என்றாள் அந்தப் பெண் அதிகாரி. கட்டிலில் ஒரே தலையணை. அலமாரியில் சேலையும் சுடிதாரும் தவிர ஒரு சட்டைகூட இல்லை. கூட வந்தவர் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்தார். கமலவேணி தனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் “புவாசா, புவாசா” என்று விரதத்தை விளக்கப் பார்த்தாள். நாங்களும்தான் நோன்பு இருக்கிறோம், அதற்காக வீட்டை விட்டா போகிறோம் என்று அதிகாரி சாந்தமாகத்தான் கேட்டாள். அந்தச் சாந்தம்தான் கமலவேணிக்குப் பயமாக இருந்தது. வாசலில் நின்ற முனியம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

போன் போட்டதும் காந்தன் தொழிற்சாலையிலிருந்து அடித்துப் பிடித்து ஓடி வந்தான். தாடியும் மாலையுமாக உள்ளே நுழைந்தவன், பழக்க தோஷம், பெண்டாட்டியை விட்டு எட்டத்திலேயே நின்றான். அதிகாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதற்காக இந்த விரதம் என்று கேட்டாள். காந்தன் தயங்கினான். அதைப்பற்றி இதுவரை அவன் யாரிடமும் வாய் திறந்ததில்லை. பிள்ளை வரம் கேட்டுத்தான் மாலை போட்டிருக்கிறான் என்று கமலவேணி தானாக முடிவு கட்டிக்கொண்டு, உள்ளுக்குள்ளேயே குமைந்துகொண்டிருந்தாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டு மலாயில் சொன்னான். அதில் இரண்டு வார்த்தைதான் கமலவேணிக்குப் புரிந்தது. ஐசி மேரா. சிவப்பு ஐசி. அட மனுஷா, இதற்காகவா!

கோப்புக்கு ஒரு படம் வேண்டும், பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள் அதிகாரி. காந்தன் ஓர் அடி முன்னால் வந்தான். கமலவேணி சட்டென்று பின்னால் நகர்ந்தாள்.

“வேணாங்க. எனக்காக இத்தன நாளு வெரதம் இருந்தீங்க. இப்பப் போயி கெட்டுறக் கூடாது.”

தமிழ் தெரியாத அதிகாரிக்கு, புருஷன் கைக்குத் தப்பி ஒதுங்குகிற பெண்டாட்டி மட்டும்தான் தெரிந்தாள். அவள் கூட வந்தவரிடம் ஏதோ மெல்லச் சொன்னாள். அவர் போனைக் கீழே இறக்கி, கோப்பை மூடப் போனார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் கமலவேணி. அப்போதும் அவள் கையை நீட்டவில்லை.

முனியம்மா எழுந்து வந்தாள். விரத வீடு என்று மகனுக்குக் கோயிலுக்குக் கொண்டுபோகிற தூக்குவாளியைக்கூட மருமகளைத் தொடவிடாதவள். ஒரு கையால் மகன் மணிக்கட்டையும் மறு கையால் மருமகள் மணிக்கட்டையும் பிடித்து இழுத்தாள்.

“புடிடா அவ கைய. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன். இந்தப் புள்ள போயிட்டா அப்புறம் நம்ம வூட்டுல என்னாடா இருக்கு?”

காந்தன் பிடித்தான். கமலவேணி அழுத அழுகை முனியம்மாவையும் அழவைத்தது. கூட வந்தவர் மறுபடி போனைத் தூக்கினார்.

முடிவு கடிதத்தில் வரும் என்று மட்டும் சொல்லிவிட்டு இருவரும் கிளம்பினார்கள். கார் தெருமுனை திரும்பிப் போன பிறகும் காந்தன் அந்தக் கையை விடவில்லை.