ஆணி அடித்துக் காட்டிய டயர்

சுத்தியல் எகிறி என் கையிலேயே திரும்பி வந்தது. ஆணி அரை விரல்கூட இறங்கவில்லை.

எதிரே நின்றவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மனைவியின் மின்சார ஸ்கூட்டருக்குப் பஞ்சராகாத டயர் போட வந்திருந்தார். "என்னங்க, இன்னிக்கு இறங்க மாட்டேங்குது? அன்னிக்கு உங்க தங்கச்சி வண்டியில அடிச்சீங்களே, சரக்குன்னு உள்ள போச்சே" என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன்.

விஷயம் இதுதான். என் கடை வாசலில் ஓர் இரும்புத் தாங்கி உண்டு. அதில் ஒரு சக்கரத்தை உருளாதபடி போல்ட் போட்டு இறுக்கி வைத்திருப்பேன். யார் வந்து டயரைப் பற்றிச் சந்தேகம் கேட்டாலும் நான் வாயால் பேசுவதில்லை. மூன்று அங்குல ஆணியை எடுத்து அடிப்பேன், குறட்டால் பிடுங்குவேன், மேலே சோப்புத் தண்ணீரை ஊற்றுவேன். ஒரு குமிழி வராது. உள்ளே பூசியிருக்கும் பசை அந்த நொடியே ஓட்டையை அடைத்துவிடும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆறு மாதமாக இந்த வித்தையை ஒரே டயரில் காட்டி வந்தேன். சக்கரம் உருளாது என்பதால் எல்லா ஆணியும் தெருவைப் பார்த்த அதே கையகல இடத்தில்தான். குறைந்தது ஐந்நூறு ஆணி இருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ரப்பர் மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு மட்டும் மூடிக்கொள்ளாது. அது அறுந்தால் அறுந்ததுதான். கடைக்காரனுக்கு அது தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும்.

பன்னிரண்டு நாளைக்கு முன்பு தாங்கியின் கால் முறிந்து வெல்டிங்குக்குப் போனது. இன்று காலையில்தான் திரும்பி வந்தது. கொக்கியில் கிடந்த டயரை எடுத்துப் பூட்டி முதல் ஆணியை இப்போதுதான் அடிக்கிறேன்.

குனிந்து பார்த்தேன். டயர் முழுக்கப் பொடிப் பொடியாக ரப்பர் மயிர் நீட்டிக்கொண்டிருந்தது. புது டயருக்கு மட்டும் இருக்கும் மயிர். தடவிப் பார்த்தேன், விரலில் குத்தியது.

"இந்த டயரை யாரு மாத்தினது?" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். என் மனைவி பஞ்சர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெருவுக்கே தெரியும். தப்பு எங்கே நடந்தாலும் முதலில் அவளைத்தான் பிடிப்பேன். நல்ல பழக்கம் இல்லை.

"என்னை எதுக்குக் கேக்குறீங்க? தாங்கி உடைஞ்ச அன்னிக்கு நீங்கதான் டயரைக் கழட்டினீங்க. கழுவினீங்க. பளபளன்னு இருக்கணும்னு கறுப்பு பாலிஷ் போட்டு, காயட்டும்னு அந்தக் கொக்கியில மாட்டினீங்க."

"எந்தக் கொக்கி?"

அவள் கையை நீட்டினாள். புது டயர் மாட்டுகிற கொக்கி.

"அந்த சைஸ் அதுக்கப்புறம் எத்தனை போச்சு?"

அவள் துடைப்பதை நிறுத்தினாள். அவளுக்கும் விளங்கிவிட்டது. "ஒண்ணே ஒண்ணுதான் போச்சு. அன்னிக்கு சாயங்காலமே" என்றாள் மெல்ல.

அன்று சாயங்காலம் வந்தவள் என் தங்கை. வீடு வீடாகப் போய் இரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சேர்க்கிற வேலை அவளுக்கு. முன் டயர் பஞ்சராகி, வெயிலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தாள். "அண்ணா, பெட்டியில பதினோரு பேரோட ரத்தம் இருக்கு, சூடாச்சுன்னா எல்லாம் வீண். சீக்கிரம் போடு" என்று குதித்தாள். நான் கொக்கியிலிருந்து கைக்கு வந்ததை உருவினேன். எந்த டயரை ஏற்றுவதற்கு முன்பும் உள்ளே கையை விட்டு ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது என் வழக்கம். ஊரான் வண்டி என்றால் தடவியிருப்பேன். தங்கைதானே, அவசரப்படுகிறாளே என்று ஏற்றி அனுப்பிவிட்டேன். பாலிஷ் போட்ட டயர் புதிதாகத்தான் இருந்தது, பாவி என் கண்ணுக்கு.

அத்தோடு போயிருந்தாலாவது பரவாயில்லை. நாலு நாள் கழித்து அவள் மறுபடி வந்தாள்.

"அண்ணா, முன்னாடி சக்கரம் மெதுவாப் போகும்போது தட்டுது. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தட்டு. கழட்டிப் பாரேன்."

கடையில் அப்போது ஏழெட்டுப் பேர். இந்த வேன்காரரும் அதில் ஒருவர். என் டயரை என் தங்கையே குறை சொல்கிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "தட்டுறது டயர் இல்லம்மா, ரோடு. உனக்கு வாய் மட்டுமில்ல, காதும் நீளம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் விடவில்லை, குந்தி உட்கார்ந்து இடத்தையே விரலால் காட்டினாள். "இங்க பாரு, லேசா உப்பலா இல்ல?"

நான் பார்க்கவில்லை. சுத்தியலை எடுத்தேன். "இங்கதானே?" என்று கேட்டு, அவள் விரலை எடுத்த அதே இடத்தில் ஓங்கி ஓர் ஆணி அடித்தேன். சரக்கென்று இறங்கியது. பிடுங்கினேன், தண்ணீர் ஊற்றினேன், குமிழி இல்லை. யாரோ கைதட்டினார்கள். தங்கை முகம் சுருங்கிப்போய், "சரிண்ணா, நீ சொன்னா சரி" என்று கிளம்பிப் போனாள். அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேன்காரர், "அப்போ என் டயரு?" என்றார். அவரை அப்படியே விட்டுவிட்டு என் வண்டியை எடுத்தேன்.

முதல் சிக்னலில் மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. இரண்டாவது சிக்னலிலும் இல்லை. என் முன்னால் போன ஒவ்வொரு ஸ்கூட்டரின் முன் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் ஒழுங்காகத்தான் சுற்றின. பசை இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும், அவள் மெதுவாகத்தான் போவாள், சந்துக்குள் போகிறவளுக்கு என்ன வேகம் வந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சூடு ஏறினால்தான் பிய்யும். வேகமும் பாரமும் சேர்ந்தால்தான் பிய்யும். அப்படி நினைக்கும்போதே வெயில் பிடரியைப் பொசுக்கியது.

மூன்றாவது சிக்னலில் அவளே கூப்பிட்டாள்.

"என்னண்ணா, பத்துத் தடவை அடிச்சிருக்க? ஒரு தாத்தாவுக்கு நரம்பே கிடைக்கல, ஊசியும் கையுமா நின்னேன்."

அவள் குரலைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வண்டியை எடுக்காதே. அங்கேயே நிறுத்து. நான் வரேன்."

"வண்டி எங்கிட்ட இல்லையே. இன்னிக்கு ஆபீஸ் வேன்ல வந்துட்டேன். அவரு எடுத்துட்டுப் போயிருக்காரு. அச்சகத்துல இருந்து ரெண்டு கட்டுப் புத்தகம் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொடுக்கணுமாம். ஏன், என்ன?"

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். நாலே வார்த்தை. ஏழெட்டுப் பேர் முன்னால் அவளைக் கேலி பண்ணிய வாய்க்கு அந்த நாலு வார்த்தை வரவில்லை. "ஒண்ணுமில்ல, சும்மா ஒரு செக்கிங். மாப்பிள்ளைக்குப் போன் பண்ணி ஓரமா நிக்கச் சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். "வண்டி ஓட்டும்போது உங்க மாப்பிள்ளை போனைத் தொடுவாரா? செக்கிங்தானே, சாயங்காலம் கொண்டு வரச் சொல்றேன்." வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை அப்படித்தான். அச்சகத்தில் பிழை திருத்துகிற மனிதர். வண்டியையும் பிழை திருத்துவது போலத்தான் ஓட்டுவார், ஒவ்வொரு குழியையும் நின்று பார்த்து. சைக்கிள்காரன் மணி அடித்து அவரை முந்திப் போவான். நான் அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருடம் சிரித்திருக்கிறேன். பாலத்தில் மட்டும் மெதுவாகப் போக முடியாது. பின்னால் லாரிகள் விடாது.

பாலம் ஏறுகிற இடத்திலேயே வண்டிகள் நின்றிருந்தன. ஹாரன் சத்தம். நான் வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

தங்கையின் ஸ்கூட்டர் தடுப்புச் சுவரில் சாய்ந்து கிடந்தது. முன் டயர் கையகலத்துக்குப் பிளந்து, உள்ளிருந்து பச்சைப் பசை சாலையில் வழிந்திருந்தது. நூல் முனைகள் துண்டு துண்டாக வெளியே தெரிந்தன. புத்தகங்கள் பாலம் முழுக்கச் சிதறிக் கிடந்தன, காற்றில் தாள் புரண்டுகொண்டிருந்தது. ஆளை இப்போதுதான் ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள் என்று ஒருவர் சொன்னார். "உயிர் இருக்கா?" என்று கேட்டேன். "பேசினாரு" என்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனைக்கு நான் போய்ச் சேரும்போது தங்கை வார்டுக்கு வெளியே நின்றிருந்தாள். ஆய்வக உடுப்பு, கையில் இன்னும் கையுறை. மாப்பிள்ளைக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு. வலது முழங்கால் நொறுங்கியிருந்தது. அறுவைசிகிச்சை செய்த பிறகுதான் பழையபடி நடப்பாரா என்று சொல்ல முடியும் என்றார்களாம். பக்கத்தில் ஒரு காவலர் குறிப்பேட்டோடு நின்றிருந்தார்.

"டயர் வெடிச்சிருக்கும்மா" என்றார் காவலர்.

"விழுந்த வேகத்துல கிழிஞ்சிருக்கும் சார். டயர்ல குறை இருக்காது. இதோ இவர்தான் என் அண்ணன், இவர் கையால போட்டது. எட்டுப் பேருக்கு முன்னாடி ஆணி அடிச்சே காட்டினாரு." அவள் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என் வீட்டுக்காரருதான் பயந்து சட்டுன்னு பிரேக்கைப் பிடிச்சிருப்பாரு. கேட்டா அவரும் அப்படித்தான் போலன்னு சொல்றாரு."

காவலர் எழுத ஆரம்பித்தார்.

"எழுதாதீங்க" என்றேன்.

சொன்னேன். தாங்கி, கொக்கி, பாலிஷ், தடவிப் பார்க்காதது, சிக்னலில் போனில் மறைத்தது, எல்லாவற்றையும். நடுவில் நிறுத்தவில்லை. நான் முடிக்கும்வரை தங்கை கையுறையைக் கழற்றாமல் விரல்களை மட்டும் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் காட்டின இடம்..."

"அதேதான்."

"நான் காட்டினேனேண்ணா."

அடித்திருந்தால்கூடத் தேவலை. அவள் திட்டவுமில்லை, அழவுமில்லை. திரும்பி வார்டுக்குள் போனாள். கதவு முழுதாக மூடவில்லை. நான் அந்த இடுக்கில் நின்றேன்.

மாப்பிள்ளையின் காதருகே அவள் குனிந்தாள். "ஏங்க, உங்க மேல தப்பில்லீங்க. நீங்க ஒண்ணும் பண்ணல. டயர்தான் பழசு. அண்ணன் தெரியாம மாத்திப் போட்டுட்டாராம்."

அவர் கண்ணைத் திறக்க வெகுநேரம் ஆனது. உதடு வெடித்திருந்ததால் வார்த்தை ஒவ்வொன்றாக வந்தது.

"மெதுவாப் பேசு. மச்சான் வெளிய இருந்தா காதுல விழும். மனசு கஷ்டப்படுவாரு."