இரண்டு தீவும் ஒரு தொப்பையும்

பேக்கரிக்காரர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: முக்குளித்தால் குளிர்ந்த கடலில்தான் முக்குளிப்பது. அவர் மனைவியும் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: வெதுவெதுப்பான கடல் என்றால் வருகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் மட்டும் போய் விறைத்துவிட்டு வாருங்கள். மூன்று வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

இரண்டு பேரையும் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. அவர் விடிவதற்கு முன்பே போய் அடுப்பைப் பற்றவைத்தால் மத்தியானம் வரை அந்த வெக்கையில் வேகிறவர். அவள் குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளர். கம்பளிச் சட்டையும் குல்லாயுமாக வேலை பார்த்துவிட்டு, மூக்கு சிவக்க வீடு திரும்புகிறவள். வெந்தவர் குளிர்ச்சி கேட்கிறார், விறைத்தவள் சூடு கேட்கிறாள், நியாயம்தானே என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்கள். அக்கம்பக்கம் வழக்கம்போல் தப்பாகத்தான் பேசியது. இரண்டு பேர் சொன்ன காரணமும் சுத்தப் பொய்.

அவள் வேலை முடிந்து வரும்போது அவர் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். அவர் எழுந்து போகும்போது அவள் போர்வைக்குள் இருப்பாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் இவர்கள் ஒருவரை ஒருவர் விழித்த கண்ணோடு பார்த்தது பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையையும் சண்டையிலேயே கழிப்பானேன் என்று போன வருஷம் நீச்சல்குளத்தில் நடக்கும் ஸ்கூபா வகுப்பில் சேர்ந்தார்கள். தண்ணீருக்கு அடியில் வாயில் குழாய் இருக்கும், பேச முடியாது. பேச முடியாவிட்டால் சண்டையும் போட முடியாது. எல்லாம் கைச்சாடைதான். அதற்கும் மேல் அவர்களுக்கென்று ஒரு சாடை இருந்தது: கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினால், 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று அர்த்தம். குளத்தின் அடியில் உட்கார்ந்து இப்படி அழுத்திக்கொள்வதற்காகவே பேக்கரிக்காரர் வாரம் முழுக்கக் காத்திருந்தார். வெளியில் கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

இப்போது முதன்முறையாக இரண்டு பேருக்கும் ஒரே வாரத்தில் விடுமுறை கிடைத்திருக்கிறது. மனைவியின் தம்பி பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன். அக்காவுக்காக இரண்டு தீவுகளிலும் இடம் பிடித்து வைத்திருந்தான்.

"மாமா, நல்லாக் கேட்டுக்கங்க," என்று சமையலறை மேஜை மேல் படங்களைப் பரப்பினான். "இது சூட்டுத் தீவு. தண்ணி இருபத்தொம்பது டிகிரி. பவளப்பாறை, ஆமை, திருக்கை. தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், முப்பது மீட்டர் வரைக்கும் தெரியும். மெல்லிசு உடுப்பு போதும். இது குளிர் தீவு. பதினோரு டிகிரி. கடல்பாசி காடு மாதிரி வளர்ந்திருக்கும், கடல்நாய் வந்து காலைக் கடிச்சு விளையாடும். கொஞ்சம் கலங்கல். தலையிலிருந்து கால் வரைக்கும் தடி உடுப்பு."

"குளிர் தீவு," என்றார் அவர்.

"சூட்டுத் தீவு," என்றாள் அவள்.

"சூட்டுல எனக்கு வேர்த்துக் கொட்டும்டா மச்சான்."

"கடலுக்குள்ள எப்படிங்க வேர்க்கும்?"

"எனக்கு வேர்க்கும்."

மச்சான் இருவரையும் பார்த்தான். "வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள சொல்லிடுங்க. சொல்லலைன்னா ரெண்டு இடமும் போயிடும். அப்புறம் இதே குளத்துலதான் முங்கணும்."

பேக்கரிக்காரர் சட்டையை இழுத்து வயிற்றை மறைத்துக்கொண்டார். அந்த வயிறுதான் விஷயமே.

போன கல்யாண நாளுக்கு அவள் ஒரு மெல்லிய முக்குளிப்பு உடுப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். வகுப்பில் சேர்ந்தபோது விண்ணப்பத்தில் அவர் எழுதியிருந்த எடைக்கு ஏற்ற அளவு. எழுபத்தெட்டு கிலோ என்று எழுதியிருந்தார். எழுபத்தெட்டு கிலோவாக அவர் இருந்த காலமும் உண்டு. அப்போது அவருக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தினமும் வெந்து வரும் ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒன்று எடுத்து ருசி பார்ப்பது அவர் தொழில். ருசி பார்ப்பதையெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது அவர் கொள்கை. "இனிமே பன்னைத் தொடவே மாட்டேன்" என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்து இரண்டு வருஷம் ஆகிறது. அந்தச் சத்தியத்தின் மேல்தான் அவர் தினமும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கதவைத் தாழ்போட்டுவிட்டு அந்த உடுப்பைப் போட்டுப் பார்த்தார். கால் போனது. இடுப்பில் மாட்டியது. உடுப்புக்குள் வழுக்கிக்கொண்டு போகப் பவுடர் போடவேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். வீட்டில் பவுடர் தீர்ந்திருந்தது. மாவுக்கா பஞ்சம்? அரைக் கிலோ மாவை எடுத்து உடம்பெல்லாம் அப்பிக்கொண்டு மூச்சை அடக்கி இழுத்தார். இழுத்த இழுப்பில் வேர்த்தது. வேர்த்த வேர்வையில் மாவு பிசைந்துகொண்டது. இருபது வருஷமாக மாவு பிசைகிற மனிதருக்கு வேர்வையும் தண்ணீர்தான் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. அடுத்த ஒன்றரை மணி நேரம், குளியலறைத் தரையில் உட்கார்ந்து, ரொட்டி மாவு சுரண்டும் தகட்டால் தன்னைத் தானே சுரண்டிக்கொண்டிருந்தார். ஜிப் தொப்புளைத் தாண்டவே இல்லை.

சூட்டுத் தீவுக்குப் போனால் அந்த மெல்லிய உடுப்பைத்தான் போடவேண்டும். படகில், பத்துப் பேருக்கு நடுவில், அவள் கண் முன்னால் ஜிப் தொப்புளில் நிற்கும். எழுபத்தெட்டு என்பது பொய், சத்தியம் செய்தது பொய், எல்லாம் அதோடு வெளியே வரும். குளிர் தீவில் அந்தக் கவலை இல்லை. தடி உடுப்பில் ஒல்லியானவனும் மெத்தையைச் சுருட்டி நிற்கவைத்தது போலத்தான் இருப்பான். ஆக அவருக்குக் கடல்நாயும் வேண்டாம், கடல்பாசியும் வேண்டாம். மானம் காத்தால் போதும்.

வியாழக்கிழமை அவள் ஒரு யோசனை சொன்னாள். "எங்க கிடங்குல பழ ரூமு ஒண்ணு இருக்கு. சரியா பதினோரு டிகிரி. நாளைக்கு மத்தியானம் அந்தத் தடி உடுப்பைப் போட்டுக்கிட்டு வாங்க. அரை மணி நேரம் நடுங்காம நின்னுட்டீங்கன்னா குளிர் தீவு. பல்லு ஒரு தடவை தந்தியடிச்சாலும் சூட்டுத் தீவு. சம்மதமா?"

காற்றின் பதினோரு டிகிரியும் தண்ணீரின் பதினோரு டிகிரியும் ஒன்றல்ல என்று விஞ்ஞானம் சொல்லும். மூன்று வாரம் சண்டை போட்ட வீட்டில் விஞ்ஞானத்துக்கு யார் காது கொடுப்பது? பேக்கரிக்காரருக்கு உள்ளூரக் குஷி. கொழுப்பென்று ஒன்றைப் பாடுபட்டுச் சேர்த்து வைத்திருப்பது எதற்காம்?

"சம்மதம்," என்றார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, வகுப்பு மாஸ்டரிடம் இரவல் வாங்கிய தடி உடுப்பு, தலைமூடி, கையுறை, காலுறை சகிதம் பேக்கரிக்காரர் கிடங்குக்குள் நுழைந்தார். தக்காளிப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க ஒரு முட்டைக்கோசுக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் யாரையும் கண்டுகொள்ளாமல், மகாராஜா மாதிரி நடந்து, பழ அறை வாசலில் இருந்த இரும்புத் தகட்டின் மேல் கால் வைத்தார்.

'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது.

பழ அறைக்குள் போகிற எதுவாக இருந்தாலும் எடை போட்டுத்தான் போகவேண்டும். வாசல் தகடுதான் தராசு. கதவுக்கு மேலே, இரண்டு தெருவுக்கு அப்பாலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி, சிவப்பு எழுத்துப் பலகை. அதில் 97.4 என்று பளிச்சென்று விழுந்தது.

மனைவி கையில் அட்டையும் பென்சிலும் வைத்திருந்தாள். அவளுக்கு இது பழக்கதோஷம். எந்தப் பெட்டி வந்தாலும் மொத்த எடையைப் பார்ப்பாள், பெட்டியின் எடையைக் கழிப்பாள், உள்ளே இருக்கும் சரக்கின் எடையை உரக்கச் சொல்வாள். ஒரு நாளைக்கு முந்நூறு முறை சொல்கிற வாய், புருஷன் என்று பார்க்குமா?

"மொத்தம் தொண்ணூத்தேழு நானூறு. உடுப்பு, தலைமூடி, கையுறை, காலுறை எல்லாம் சேர்த்து ஆறு. சரக்கு தொண்ணூத்தொண்ணு நானூறு." பென்சில் அங்கேயே நின்றது. "தொண்ணூத்தொண்ணா?"

"உங்க தராசு சரியில்லம்மா."

"போன வாரம்தான் முத்திரை போட்டாங்க."

பேக்கரிக்காரர் மெதுவாகத் தகட்டிலிருந்து இறங்கினார். இறங்கி என்ன பிரயோஜனம்? பலகை அவரைவிட நல்ல ஞாபகசக்தி உள்ளது. அடுத்த சரக்கு வரும்வரை 97.4 அப்படியே நின்றது. பழ அறைக்குள் போய் ஆரஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டார். அவளும் தகட்டை மிதிக்காமல் தாண்டிப் பின்னால் வந்து கதவைச் சாத்தினாள்.

"பன்னு," என்றாள்.

"ருசி பாத்தேன்."

"பதிமூணு கிலோவுக்கா?" என்றவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். கணக்குப் போடுகிற முகம் மறுபடி வந்தது. "இருங்க. எடையைப் பாத்துத்தானே மாஸ்டர் நமக்கு முங்கறதுக்கு இடுப்புல ஈயம் கட்டறாரு? நீங்க எழுபத்தெட்டுன்னு எழுதினா எழுபத்தெட்டுக்குத்தானே கட்டியிருப்பாரு? அப்போ அன்னிக்கு ஏரியில... நீங்க முங்கியிருக்கவே முடியாதே!"

இந்த இடத்தில் ஏரி விஷயத்தைச் சொல்லியாகவேண்டும். மூன்று வாரத்துக்கு முன் வகுப்பில் எல்லோரையும் ஒரு குளிர்ந்த ஏரிக்கு அழைத்துப் போனார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்புத் தடி உடுப்பு, ஒரே மாதிரி தலைமூடி. மற்றவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். தடி உடுப்பு மேலே தூக்க, கட்டிய ஈயம் போதாமல், பேக்கரிக்காரர் மட்டும் தக்கை மாதிரி மிதந்தார். தலையை அமுக்கினால் கால் வந்தது, காலை அமுக்கினால் முதுகு வந்தது. "சரியான எடையைத்தானே எழுதியிருக்கீங்க?" என்று மாஸ்டர் கேட்டார். "சத்தியமா மாஸ்டர்" என்றார் இவர். "சரி, நீங்க இருந்து படகைப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் முங்கிவிட்டார். அரை மணி கழித்து எல்லோரும் மேலே வந்தபோது, இவரும் தலையை நனைத்துக்கொண்டு கூட்டத்தில் கலந்து, "அந்தப் பெரிய மீனைப் பாத்தியா? பிரமாதம்!" என்று மனைவியிடம் கேட்டிருந்தார். அவள் "ம்" என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்துதான் அவள் சூட்டுத் தீவைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முங்கலை," என்றார் இப்போது. "படகுலதான் இருந்தேன். பெரிய மீனும் பொய்தான்."

திட்டு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டார். திட்டு வரவில்லை. அவள் ஒரு ஆரஞ்சுப் பெட்டியின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அய்யோ," என்றாள். "நான் மூணு வாரமா செத்துப் பிழைக்கிறேன்."

"ஏம்மா?"

"ஏரிக்குள்ள கலங்கல்ல ஒண்ணும் தெரியலை. எல்லாரும் ஒரே கறுப்பு மூட்டை. பக்கத்துல இருந்த மூட்டை நீங்கதான்னு நினைச்சுக் கையைப் பிடிச்சுக்கிட்டேன். அரை மணி நேரம் விடவே இல்லை. மூணு தடவை அழுத்தினேன். அதுவும் மூணு தடவை அழுத்திச்சு."

"யாரு அது?"

"மேல வந்து தலைமூடியைக் கழட்டினா, நம்ம வகுப்புக்கு வர்ற சர்வேயர் சார்! 'முதல் தடவை பயமாத்தான் இருக்கும்மா, பரவாயில்ல'ன்னு ஆறுதல் வேற சொல்றாரு. நீங்க எங்கேயிருந்து பாத்துக்கிட்டு இருந்தீங்களோன்னு எனக்குத் தொண்டையில சோறு இறங்கலை."

"அந்த மனுஷனுக்கு நான் தினமும் ஒரு பன்னு கூடப் போட்டுக் குடுக்கறேனே!" என்று பேக்கரிக்காரர் கத்திய கத்தலில், மேல் பெட்டியிலிருந்து இரண்டு ஆரஞ்சு உருண்டு விழுந்தன.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "அதனாலதான் குளிர் தீவு வேண்டாம்னேன். அங்கேயும் அதே தடி உடுப்பு, அதே கலங்கல். மறுபடி யார் கையையாவது பிடிச்சுட்டுத் திரியணுமா? சூட்டுத் தீவுல தண்ணி தெளிவு, உடுப்பு மெல்லிசு. குளத்துல பாத்த மாதிரி தூரத்துலேருந்தே உங்களைப் பாத்துடுவேன்."

"அத்தனை பேருக்கு நடுவுல எப்படிக் கண்டுபிடிப்பே?"

"வேற எதை வெச்சு? அந்தத் தொப்பையை வெச்சுத்தான்."

பேக்கரிக்காரர் குனிந்து தன் தொப்பையைப் பார்த்தார். மூன்று வாரமாக எதை மறைக்க இந்தப் பாடு பட்டாரோ, அதைப் பார்ப்பதற்காகத்தான் இவள் மூன்று வாரமாகச் சண்டை போட்டிருக்கிறாள். இது தெரிந்திருந்தால் அரைக் கிலோ மாவாவது மிஞ்சியிருக்கும். அவர் மூக்கை உறிஞ்சினார். குளிரால் என்று சொல்லிக்கொள்ளலாம், பதினோரு டிகிரிதானே.

"பல்லு தந்தியடிக்குது," என்றார். அடிக்கவே இல்லை. "நான் தோத்துட்டேன்."

நான்கு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. தம்பி. "அக்கா, சீக்கிரம் சொல்லு. சூடா, குளிரா?"

"சூடு."

"மாமா ஒத்துக்கிட்டாரா? அதிசயமா இருக்கே! சரி, அங்கேயே வாடகைக்கு மெல்லிசு உடுப்பு தர்றாங்களாம். மாமாவுக்கு என்ன அளவு போடட்டும்?"

அவள் தொலைபேசியை அவர் பக்கம் நீட்டினாள். அவர் தலைமூடியைக் கழற்றி, ஒரு தடவை கதவைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்தார். பலகையில் 97.4 இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"தொண்ணூத்தொண்ணுன்னு போடு மச்சான். நானூறு கிராமையும் சேர்த்துக்க."

"அப்போ ரொம்பப் பெரிய அளவு வேணுமே. தாராளமா இருக்கிற மாதிரி சொல்லிடட்டுமா?"

பேக்கரிக்காரர் தடிக் கையுறைக்குள்ளிருந்தே மனைவியின் கையைப் பிடித்து மூன்று முறை அழுத்தினார். அவள் முதலில் அவர் முகத்தை ஒரு தடவை நன்றாகப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள். அப்புறம் மூன்று முறை அழுத்திவிட்டு, தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தாராளமெல்லாம் வேண்டாம்டா. கொஞ்சம் இறுக்கமாவே இருக்கட்டும்."