பீச்சாங்கை மடிப்பு

எங்க சங்கத்துக்குச் சட்டம் எழுதின புண்ணியவான் எவனோ, கையில கிடைச்சான்னா சுத்தியலால ரெண்டு போடுவேன். இரும்பு வளையச் சட்டை பின்னுற மேஸ்திரி செத்துட்டா, பொண்டாட்டி ஒரு வருஷம் பட்டறையை நடத்தலாமாம். அதுக்குள்ள தன் கையால ஒரு சட்டை பின்னித் தேறணும். தேறலன்னா, பட்டறை வேலைக்காரனைக் கட்டிக்கிட்டு அவன்கிட்ட சாவியைக் கொடுத்துடணும்.

என் புருஷன் போய்ச் சேர்ந்ததும் அந்தச் சட்டம் என் தலையில விழுந்தது. தேறலன்னா நான் கட்டிக்க வேண்டிய வேலைக்காரன் ரூட்கர். வாயைத் திறந்தா என் கையைப் பத்திதான் பேச்சு. "பீச்சாங்கைச் சட்டையைப் போட்டா குதிரை பின்னாலதான் போகும், மேஸ்திரியம்மா!"

நான் பின்னித் தேற வேண்டிய சட்டையைக் கேட்ட சின்னப் பிரபு வின்ரிக் இன்னொரு தலைவலி. பிரான்சுப் பக்கம் போய் வந்ததிலிருந்து எல்லாத்துக்கும் ஒரு பேரு. "சட்டைன்னு சொல்லாதீங்க, ஓபேர்னு சொல்லணும். தலைக்குல்லா இல்ல, காமாய்."

"என்ன பேரு வச்சாலும் கனம் குறையாது ராசா, கையைத் தூக்கு" ன்னு அன்னைக்கு அளவெடுத்தேன். இன்னும் மீசை கூட ஒழுங்கா முளைக்கல. வர்ற வாரம் இதைப் போட்டுக்கிட்டு சண்டைக்குப் போறான்.

ஒவ்வொரு வளையத்தையும் நாலு வளையத்தோட கோத்து, முனை மேல முனையை மடிச்சுத் தட்டி, கடுகளவு ஆணி இறக்கணும். எட்டு மாசம் உட்கார்ந்தேன். இடுப்பு விட்டுப்போச்சு.

இன்னைக்குக் காலையில சங்கத்துப் பெரியவர் டில்மான் வந்தார். வரிசை வரிசையா விரலை ஓட்டினவர் இடது அக்குள்ல நின்னுட்டார். நகத்தால நெம்பினார். வளையம் வாயைப் பிளந்தது. ஆணியே இல்லை. இருபத்தேழு வளையம் அப்படி.

"என்னம்மா பேலா இது?"

ரூட்கர் முந்திக்கிட்டான். "பாவம் ஐயா, கண்ணு மங்கிடுச்சு. அதான் நான் இருக்கேன்ல!"

அந்த 'இருக்கேன்ல' என் உச்சந்தலையில ஏறிச்சு. நேத்து நான் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தப்ப பட்டறையில தனியா இருந்தவன் இவன்தான். திறந்த வளையத்தைப் பிடுங்கி டில்மான் கையில வச்சேன்.

"மடிப்பைப் பாருங்க ஐயா. என் வளையம் பூரா இடப்பக்கம் மடியும். இது?"

ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பார்த்தார். மத்த இருபத்தாறையும் பார்த்தார். "வலப்பக்கம். இங்க வலதுகைக்காரன் யாரு?"

என் வளையத்தை வெட்டிட்டு ஆணியில்லாத தன் வளையத்தைக் கோத்து வச்ச ரூட்கர் முகம் வெளுத்துப்போச்சு. "உங்க மேல இருந்த ஆசையிலதான் செஞ்சேன், மேஸ்திரியம்மா."

"ஆசையா? பட்டறை மேலயா, என் மேலயா? கையைத் தூக்கினா அங்கதான்டா ஈட்டி இறங்கும்! அந்தப் பிள்ளை செத்திருப்பான்டா! போடா வெளியே!"

தேறின சட்டைக்குக் குத்துற சங்கத்து முத்திரையை டில்மான் இன்னும் எடுக்கல. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "முடிச்சுக் காட்டும்மா. இருக்கேன்."

இருபத்தேழையும் வெட்டி எறிஞ்சுட்டு, புது வளையம் எடுத்தேன். சுத்தியலை இடது கையில பிடிச்சேன். முதல் முனை இடப்பக்கம் மடிஞ்சுது.