ஆறாம் நம்பர் ரூம் புஸ்வாணம்

அந்த வருஷத் தீபாவளிக்கு வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பட்டாசு ஆலை ஒன்றிலிருந்து போன புஸ்வாணங்கள், பற்றவைத்ததும் மாரிசெல்வியின் குரலில் பாடின. பொறி மேலே ஏற ஏறப் பாட்டும் ஏறியது. பொறி அடங்கியதும் பாட்டும் நின்றது. மற்றபடி சரக்கில் குறை எதுவும் இல்லை.

மாரிசெல்விக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஆறாம் நம்பர் ரூமில் உட்கார்ந்து காகிதக் கூம்பில் மருந்து அடைக்கிறவள் அவள். ஆலைக்குள் செல்போன் கூடாது என்பதால் அவளே பாடினாள். கருப்பம்மாளும் மற்ற இரண்டு பெண்களும் அந்தத் தாளத்துக்கு அள்ளினார்கள், அடைத்தார்கள், தட்டினார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட அன்றும் பாட்டு, புருஷனோடு சண்டை போட்ட அன்றும் பாட்டு. இத்தனை வருஷம் பாடியதில் கொஞ்சம் மருந்தோடு உள்ளே போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்காரர்களோ பாடுகிற சரக்கைக் கோளாறு என்றே நினைத்தார்கள். பொங்கல் கழிந்ததும் ஆர்டர் குறைந்தது. முதலாளி ராஜபாண்டியன் ரூம் வாசலில் வந்து நின்று, "இனிமே யாரும் பாடக் கூடாதும்மா. வேலைய மட்டும் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரூம் அமைதியானது. மாரிசெல்விக்கு வீட்டிலும் பாட்டு வரவில்லை. குழம்புக்கு உப்பு மறந்தது. திருத்தங்கல் அச்சகத்தில் வேலை பார்க்கும் புருஷன் காளீஸ்வரன், "ஒடம்புக்குச் சொகமில்லையா?" என்று தினமும் கேட்டார். ஆலையில் சோதனைக்குக் கொளுத்திய புஸ்வாணம் சத்தமே இல்லாமல் எரிந்தது. பக்கத்தில் நின்ற போர்மேனுக்குச் சாயங்காலம்வரை பேச்சு வரவில்லை.

சித்திரை வெயிலில் ஒருநாள் கருப்பம்மாளின் கை நிதானம் தவறியது. ஏதோ நினைப்பில் மருந்து தட்டும் குச்சியைக் கூம்புக்குள் அழுத்தி உரசிக்கொண்டே இருந்தாள். சூடேறிய மருந்தின் வாசம் மாரிசெல்விக்கு எட்டியது. கத்தினால் அவள் பதறி இன்னும் அழுத்திவிடுவாள். மாரிசெல்வி மெல்லப் பாட ஆரம்பித்தாள். கருப்பம்மாளின் கை தானாகத் தளர்ந்து குச்சியை விட்டது. நான்கு பேரும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபின்தான் கருப்பம்மாள் அழுதாள்.

பாட்டுச் சத்தம் கேட்டு முதலாளி வந்தார். மாரிசெல்வி எழுந்து நின்றாள்.

"பாட்டு இல்லாட்டி கை தூங்கிப்போகுது முதலாளி. மருந்துகிட்ட கை தூங்கலாமா? ஆர்டர் போனா வரும். இவ போனா வருவாளா?"

அவர் கருப்பம்மாளின் மருந்து அப்பிய விரல்களைப் பார்த்தார். பிறகு, "பாடுங்க" என்றார்.

அதிலிருந்து எல்லா ரூமிலும் பாடினார்கள். கடைக்காரர்களும் பழகிப்போனார்கள். இப்போது புஸ்வாணம் பாடாவிட்டால்தான் சரக்கு நமுத்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

போன கார்த்திகை கழிந்து காரியாபட்டியிலிருந்து அழகுமீனா என்றொரு பெண் பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து மாரிசெல்வியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

"ஆட்டுக்குட்டியத் தொலைச்சுட்டு ஒருத்தி அணைக்கரையில தேடுறாளேக்கா, அந்தப் பாட்டு. பாதியில புஸ்வாணம் அணைஞ்சுபோச்சு. எங்க தெருவே கேக்குது, குட்டி கெடச்சுச்சா இல்லையா?"

"வெயில்ல வந்துருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க" என்றாள் மாரிசெல்வி. பிறகு முதலிலிருந்து பாடத் தொடங்கினாள். குட்டி கிடைக்கும் இடம் வரும்வரை காளீஸ்வரன் தண்ணீர் மோட்டாரைப் போடாமல் காத்திருந்தார்.